ஸ்லோ லேப்டாப்புக்கு மெமரி கார்டு வாங்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க



2025 ஜூலைல ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் சித்தி பையன்கிட்ட இருந்து வாட்ஸ்அப்ல ரெண்டு ஸ்கிரீன்ஷாட் வந்தது. ஒண்ணு, 128 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு, விலை 1,250 ரூபாய். இன்னொண்ணு, ஒரு புது லேப்டாப், 45,000 ரூபாய், கீழே பெரிய எழுத்துல "நோ காஸ்ட் இஎம்ஐ, மாதம் 5,000 மட்டுமே". அதுக்கு அடியில அவன் மெசேஜ்: "அண்ணே, லேப்டாப் ரொம்ப ஸ்லோ. முதல்ல இந்த கார்டைப் போட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன். சரியா வரலைன்னா புதுசு எடுத்துடலாம். கார்டுல எது நல்லது, சொல்லுங்க."

சாதாரணக் கேள்வி மாதிரிதான் தெரிஞ்சது. போன் பண்ணிப் பேசினப்போதான் விஷயமே வேறன்னு புரிஞ்சுது. அவன் சென்னைல முதல் வேலைல இருக்கான். கைக்கு வர்ற சம்பளம் 26,000. வேளச்சேரில மூணு பேரோட ரூம் ஷேரிங். வேற ஒரு நல்ல கம்பெனிக்கு அப்ளை பண்ணி, ஆன்லைன் டெஸ்ட் வரைக்கும் போயிருக்கான். டெஸ்ட் நடுவுல லேப்டாப் உறைஞ்சு நின்னு, மறுபடி உயிர் வர்றதுக்குள்ள டைம் முடிஞ்சு போச்சு. இன்னொரு கம்பெனி டெஸ்ட்டுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அவன் சேமிப்புல இருந்தது மொத்தமே 38,000 ரூபாய்.

அந்த லேப்டாப் 2019-ல, அவன் காலேஜ் படிக்கும்போது, சித்தப்பா ஊர்ல சீட்டு எடுத்து 34,500 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தது. அதைத் தூக்கிப் போடவும் மனசு வரலை, அதை வெச்சுட்டு அடுத்த டெஸ்ட்டை எழுதவும் தைரியம் வரலை. அதனாலதான் நடுவுல ஒரு வழியா இந்த 1,250 ரூபாய் கார்டு.

நான் சொன்ன பதில் ஒண்ணுதான்: "கார்டும் வேணாம், புது லேப்டாப்பும் வேணாம். முதல்ல எங்க அடைப்புன்னு பார்ப்போம்."

இந்தப் பதிவுல என்னோட கருத்து இதுதான். மெமரி கார்டுல வீணாகுற 1,250 ரூபாய் பெரிய பிரச்சினையே இல்லை. அந்த கார்டு வேலை செய்யாதப்போ நம்ம மனசு சொல்லும் பாருங்க, "சரி, எல்லாம் முயற்சி பண்ணிப் பார்த்தாச்சு, இனி புதுசுதான்"னு, அதுதான் பிரச்சினை. தப்பான சின்ன செலவு ஒண்ணு, தப்பான பெரிய செலவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுடும்.

நானும் ஏமாந்தவன்தான்

அவனைத் திட்ட எனக்கு அருகதை இல்லை. 2011-ல நான் ஆர்ட்டிகிள்ஷிப்ல இருந்தேன். மாச ஸ்டைபெண்ட் 1,500 ரூபாய். 2 ஜிபி ரேம் இருந்த லேப்டாப்புல டேலியையும் எக்செலையும் ஒண்ணா திறந்தா, நடுவுல டீ குடிச்சுட்டு வந்துடலாம். யாரோ "ரெடிபூஸ்ட் போடு, ஜெட் மாதிரி பறக்கும்"னு சொன்னாங்க. ஸ்டைபெண்ட்ல மூணுல ஒரு பங்கைக் கொடுத்து 8 ஜிபி பென் டிரைவ் வாங்கினேன். செருகினேன், செட்டிங் போட்டேன், காத்திருந்தேன். ஒண்ணும் பறக்கலை. ஆனா "கொஞ்சம் வேகமாத்தான் இருக்கு"ன்னு ஒரு வாரம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். காசு கொடுத்து வாங்கின பொருளை நாம அவ்வளவு சீக்கிரம் குறை சொல்ல மாட்டோம். ரெண்டு மாசம் கழிச்சு ஆபீஸ் சீனியர் ஒருத்தர் கூட 2 ஜிபி ரேம் போட்டுக் கொடுத்தார். அன்னிக்குத்தான் டீ குடிக்கிற பழக்கம் குறைஞ்சது.

இந்த ரெடிபூஸ்ட்னா என்ன?

"மெமரி கார்டு போட்டா லேப்டாப் வேகமாகும்"ங்கிற பேச்சு சும்மா வந்தது இல்லை. விண்டோஸ் விஸ்டா வந்தப்போ மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த வசதிதான் ரெடிபூஸ்ட். அப்போ நிறைய கம்ப்யூட்டர்ல 512 எம்பி, 1 ஜிபி ரேம்தான் இருந்தது. ஹார்ட் டிஸ்க்குக்குள்ள ஒரு தட்டு சுத்தும், ஒரு முள் நகர்ந்து நகர்ந்து தகவலைத் தேடும். சின்னச் சின்ன ஃபைலா ஆயிரம் கேட்டா, முள் ஆயிரம் தடவை நகரணும். ஃபிளாஷ் மெமரில நகர்ற பாகமே கிடையாது. அதனால அடிக்கடி தேவைப்படுற சின்ன ஃபைல்களோட நகலை ஒரு பென் டிரைவ்லயோ கார்டுலயோ வெச்சுக்கிட்டா, அந்த அலைச்சல் குறையும். ஐடியா இவ்வளவுதான்.

ஆடிட் ஆபீஸ் உதாரணத்துலயே சொல்றேன். உங்க மேஜைதான் ரேம். இப்போ வேலை செய்யுற ஃபைல் எல்லாம் அது மேல விரிஞ்சு கிடக்கும். பக்கத்துல இருக்குற ஸ்டீல் பீரோதான் எஸ்எஸ்டி. திரும்பினா எடுத்துடலாம். மூணாவது மாடில இருக்குற ரெக்கார்டு ரூம்தான் ஹார்ட் டிஸ்க். ஒவ்வொரு ஃபைலுக்கும் படியேறி இறங்கணும். மெமரி கார்டுங்கிறது மாடிப்படி ஓரத்துல வெச்ச ஒரு அட்டைப்பெட்டி. அடிக்கடி கேக்குற நாலு ஃபைலோட ஜெராக்ஸை அதுல போட்டு வைக்கலாம். ஆனா ஒரிஜினல் இன்னும் மேலதான் இருக்கு. புதுசா எழுதுற எதையும் மேல கொண்டு போய்த்தான் வைக்கணும். மேஜையும் பெருசாகலை.

மேஜை ரொம்பச் சின்னதா இருந்த காலத்துல அந்த அட்டைப்பெட்டிக்கு ஒரு அர்த்தம் இருந்தது. இன்னிக்கு இல்லை. எஸ்எஸ்டி இருக்குற கம்ப்யூட்டர்ல விண்டோஸே ரெடிபூஸ்ட்டைத் தேவையில்லைன்னு ஒதுக்கிடும். இப்போதைய விண்டோஸ் 11-ல அந்த வசதியையே எடுத்துட்டாங்க. அதாவது 1,250 ரூபாய் கொடுத்து நீங்க வாங்கப் போறது, தயாரிச்சவங்களே கைவிட்ட ஒரு வைத்தியத்துக்கான மருந்து.

கார்டு மேல இருக்குற நம்பர் எல்லாம் என்ன சொல்லுது?

கார்டு மேல குட்டிக் குட்டியா நிறைய எழுத்து இருக்கும். அதைப் புரிஞ்சுக்கிட்டாலே பாதி ஆசை போயிடும்.

சி10 அப்படின்னா, எழுதுற வேகம் நொடிக்கு குறைஞ்சது 10 எம்பி. யு3 அல்லது வி30 போட்டிருந்தா, குறைஞ்சது 30 எம்பி. இது வீடியோ எடுக்கிறவங்களுக்காக வெச்ச அளவு. கேமரா ஒரே சீரா எழுதிக்கிட்டே போகும், நடுவுல தடங்கல் வரக்கூடாது, அவ்வளவுதான். ஏ1, ஏ2ங்கிறது போன்ல ஆப் ஓட்டுறதுக்கான அளவு. ஏ1 கார்டு நொடிக்கு குறைஞ்சது 1,500 தடவை படிக்கணும், 500 தடவை எழுதணும். ஏ2 கார்டுக்கு அது 4,000, 2,000. ஆனா ஏ2-வோட முழு வேகம் வரணும்னா, செருகுற கருவியும் அதுக்குத் தோதா இருக்கணும். சாதாரண லேப்டாப் கார்டு ரீடர்ல அதை எதிர்பார்க்காதீங்க.

அட்டைல "நொடிக்கு 170 எம்பி, 200 எம்பி"ன்னு போட்டிருப்பாங்க. யுஎச்எஸ்-1 வகையோட பொது அளவு 104 எம்பிதான். அதுக்கு மேல வேணும்னா அந்த கம்பெனியோட தனி ரீடர் வேணும். பழைய லேப்டாப்புல கார்டு ரீடர் உள்ளுக்குள்ள யுஎஸ்பி 2.0-ல இணைஞ்சிருந்தா, 30, 40 எம்பி வந்தாலே அதிகம்.

இப்போ மத்ததைப் பாருங்க. சாதாரண லேப்டாப் ஹார்ட் டிஸ்க், பெரிய ஃபைலைப் படிக்கிறப்போ நொடிக்கு சுமார் 100 எம்பி கொடுக்கும். ஆனா சிதறிக் கிடக்கிற சின்ன ஃபைலைத் தேடும்போது நொடிக்கு நூறு தடவை கூட தாண்டாது. சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல படிக்கும். சின்ன ஃபைல்ல நொடிக்குப் பல்லாயிரம் தடவை. என்விஎம்இ எஸ்எஸ்டி அதையும் தாண்டி ஆயிரக்கணக்கான எம்பில போகும்.

"சார், ஹார்ட் டிஸ்க் நூறு தடவை, ஏ1 கார்டே 1,500 தடவை. அப்போ கார்டு வேகம்தானே?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆனா உங்க விண்டோஸும், குரோமும், எக்செலும் இருக்குறது கார்டுல இல்லை, ஹார்ட் டிஸ்க்ல. கார்டை ஓரமா செருகி வெச்சதால அதெல்லாம் அங்க குடிபோயிடாது. "அப்போ பேஜ் ஃபைலை கார்டுக்கு மாத்திடலாமே"ன்னு சிலர் சொல்வாங்க. கழட்டி மாட்டுற டிரைவ்ல பேஜ் ஃபைல் வைக்க விண்டோஸ் சாதாரணமா விடாது. வேற வழில வெச்சாலும், நாள் முழுக்க எழுதி அழிக்கிற வேலைக்கு இந்த கார்டுகளைச் செய்யலை. சீக்கிரம் தேய்ஞ்சு போகும். தேய்ஞ்சு போறப்போ சொல்லிட்டும் போகாது.

சல்லிக்காசு செலவில்லாத பரிசோதனை

காய்ச்சல்னு போனா டாக்டர் முதல்ல தெர்மாமீட்டர் வைப்பார். லேப்டாப்புக்கு அந்த தெர்மாமீட்டர் டாஸ்க் மேனேஜர். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணு கீயையும் சேர்த்து அழுத்துங்க. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்க. நீங்க வழக்கமா செய்யுற வேலையைத் திறந்து வெச்சுட்டு, அஞ்சு நிமிஷம் நாலு விஷயம் பாருங்க.

முதல்ல டிஸ்க். 100 சதவீதத்துலயே நிக்குதா? பக்கத்துலயே அது எச்டிடியா, எஸ்எஸ்டியான்னு போட்டிருக்கும். எச்டிடின்னு போட்டு, 100-லயே நின்னா, அடைப்பு அங்கதான். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போடணும்.

ரெண்டாவது மெமரி. நாலு டேப் திறந்ததுமே 85, 90 சதவீதத்தைத் தாண்டினா, ரேம் பத்தலை. "ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2"ன்னு அங்கயே இருந்தா, இன்னொரு ரேம் போட இடம் இருக்குன்னு அர்த்தம். சில மெல்லிசான லேப்டாப்புல ரேமை போர்டோட சேர்த்து சால்டர் பண்ணியிருப்பாங்க. அதைக் கடைல கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

மூணாவது சிபியு. ஒண்ணுமே செய்யாதப்போ கூட அது எகிறி நின்னா, பின்னால ஏதோ தேவையில்லாத புரோகிராமோ வைரஸோ ஓடுது. கொஞ்ச நேரத்துலயே லேப்டாப் கொதிச்சு, ஃபேன் கத்தினா, உள்ள தூசி அடைச்சிருக்கலாம். அதைச் சுத்தம் பண்ணி தெர்மல் பேஸ்ட் மாத்துறது சில நூறு ரூபாய் வேலை.

நாலாவது ஸ்டார்ட்அப் ஆப்ஸ். ஆன் பண்ணினதும் தானா ஓடுற பட்டியல். தேவையில்லாததை டிஸேபிள் பண்ணுங்க. சி டிரைவ்ல அஞ்சுல ஒரு பங்காவது காலியா வெச்சுக்கோங்க. இது ரெண்டும் இலவசம்.

சித்தி பையன் எனக்கு அனுப்பின படத்துல டிஸ்க் 100, மெமரி 91, சிபியு 30-க்குள்ள. ஐ3, 8-வது ஜெனரேஷன், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். சிபியு சும்மா உக்காந்திருக்கு. வேலைக்காரன் தயார், ஆனா மேஜை சின்னது, ரெக்கார்டு ரூம் மூணாவது மாடில. இதுல படிக்கட்டுக்கு அட்டைப்பெட்டி வாங்கி என்ன பிரயோஜனம்?

என்ன செலவாச்சு?

அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேரும் ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி 3,300. 8 ஜிபி டிடிஆர்4 ரேம் 2,000. மாட்டி, பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் பண்ணிக் கொடுக்க 600. வெளிய எடுத்த ஹார்ட் டிஸ்க்கை பேக்கப்புக்கு வெச்சுக்க ஒரு கேஸ் 350. மொத்தம் 6,250 ரூபாய். எல்லாத்துக்கும் பில் வாங்கினோம். எஸ்எஸ்டிக்கு மூணு வருஷம், அஞ்சு வருஷம்னு வாரண்டி இருக்கும். பில் இல்லாம அதை எங்கயும் கேக்க முடியாது.

காலைல ஆன் பண்ணி குரோம் திறக்க 4 நிமிஷம் 10 நொடி ஆச்சு. சாயங்காலம் 22 நொடி. கடைக்காரரே சிரிச்சுட்டு, "இதுக்கா தம்பி புதுசு வாங்கப் போனீங்க?"ன்னு கேட்டார்.

ஒரு எச்சரிக்கை. இது 2025 ஜூலை விலை. அந்த வருஷக் கடைசில, ஏஐ சர்வர்களுக்கான தேவையால ரேம் விலை பயங்கரமா ஏறிடுச்சு, எஸ்எஸ்டியும் கூடவே ஏறிச்சு. அதனால இதே தொகைக்கு இன்னிக்கும் கிடைக்கும்னு நான் சொல்லலை. அன்னன்னிக்கு விலையைக் கேட்டு, நீங்களே கணக்குப் போடுங்க. ரெண்டையும் ஒண்ணா போட காசு இல்லைன்னா, எது 100-ல நிக்குதோ அதை முதல்ல போடுங்க.

"நோ காஸ்ட்"டோட காஸ்ட்

இப்போ அந்த ரெண்டாவது ஸ்கிரீன்ஷாட். 45,000 லேப்டாப், மாசம் 5,000, ஒன்பது மாசம். வட்டியே இல்லாத மாதிரி தெரியும். ஆனா வட்டி இல்லாம எந்த பேங்கும் கடன் தராது. 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி, கிரெடிட் கார்டுல ஜீரோ பர்சென்ட் இஎம்ஐங்கிற பேர்ல வட்டியை பிராசஸிங் ஃபீஸா மறைச்சு வாங்குறாங்கன்னு சுட்டிக்காட்டி, அப்படி ஒரு ஜீரோ வட்டியே கிடையாதுன்னு சொல்லிடுச்சு.

இப்போ நடக்குறது என்னன்னா, பேங்க் வட்டி போடும். அந்த வட்டி அளவுக்கு விக்கிறவர் விலைல தள்ளுபடி கொடுப்பார். வருஷத்துக்கு 15 சதவீத வட்டின்னு வெச்சுக்குவோம். மாசம் 5,000 கட்டினா, அசல் சுமார் 42,312, வட்டி சுமார் 2,688. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது 484 ரூபாய். பிராசஸிங் ஃபீஸ் 199-ன்னா, ஜிஎஸ்டியோட 235. ஆக, "நோ காஸ்ட்"டோட காஸ்ட் சுமார் 720 ரூபாய். ரொக்கமா வாங்கினா கிடைச்சிருக்க வேண்டிய தள்ளுபடி இருந்தா, அதையும் இதுல சேர்த்துக்கோங்க.

720 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். என் கவலை வேற. 26,000 சம்பளத்துல 5,000ங்கிறது 19 சதவீதம். ஒன்பது மாசத்துக்கு உங்க சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்கை இன்னிக்கே எழுதிக் கொடுத்துட்டீங்க. நடுவுல வேலை போனாலும், வீட்ல ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தாலும், அந்த 5,000 நிக்காது. இவன் வேலை மாறலாம்னு இருக்கிற நேரம் வேற. ரெண்டு வேலைக்கும் நடுவுல ஒரு மாசம் சம்பளம் இல்லாம போகலாம்.

மாத்தி யோசிச்சா? அதே 5,000-த்தை ஒன்பது மாசம் ஆர்டில போட்டா, வட்டி இல்லாமலே 45,000. அதுல இந்த 6,250-ஐக் கழிச்சா 38,750. அவனோட மாசச் செலவு 19,000. அதாவது ரெண்டு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட். ஏற்கெனவே இருக்குற 38,000-த்தோட சேர்த்தா நாலு மாசம். நாலு மாசச் செலவு கைல இருக்குறவன் இன்டர்வியூல சம்பளம் பேசுற தொனியே வேற மாதிரி இருக்கும்.

இன்னொரு கணக்கு. 45,000 லேப்டாப் அஞ்சு வருஷம் வந்தா, மாசத்துக்கு 750 ரூபாய். 6,250 செலவு பண்ணி பழசை ரெண்டு வருஷம் ஓட்டினா, மாசத்துக்கு 260. மெமரி கார்டு? 1,250-ஐ எத்தனை மாசத்தால வகுத்தாலும் சரி, கிடைச்ச வேகம் சைபர்.

அப்போ புதுசே வாங்கக்கூடாதா?

அப்படி நான் சொல்லவே மாட்டேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சு போச்சு. தனியா பதிவு பண்ணினா 2026 அக்டோபர் 13 வரைக்கும் நீட்டிப்பு கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேணும். இன்டெல்ல பொதுவா 8-வது ஜெனரேஷனோ அதுக்கு மேலயோ இருக்கணும். சித்தி பையனோட லேப்டாப் சரியா அந்தக் கோட்டுல தப்பிச்சுது. உங்களோடது 6-வது, 7-வது ஜெனரேஷன்னா, எஸ்எஸ்டி போட்டாலும் வேகம் வரும், ஆனா அப்டேட் இல்லாத சிஸ்டத்துல நெட் பேங்கிங் பண்றது நல்லதில்லை. லினக்ஸ் கத்துக்கத் தயார்னா அது வேற விஷயம்.

நான் வெச்சிருக்கிற விதி ஒண்ணு. மொத்த ரிப்பேர் செலவு, உங்க வேலைக்குப் போதுமான புது லேப்டாப் விலைல மூணுல ஒரு பங்கைத் தாண்டினா, புதுசைப் பத்தி யோசிங்க. பேட்டரி, கீல், கீபோர்டு, போர்டுன்னு வரிசையா போனா யோசிக்காம மாத்துங்க. வீடியோ எடிட்டிங் மாதிரி வேலைக்குப் போறீங்கன்னா மாத்துங்க. ஆனா காசு சேர்த்து வெச்சு மாத்துங்க.

அதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க. ஆபீஸ் வேலைக்காகத்தான் லேப்டாப் தேவைன்னா, அதைக் கொடுக்க வேண்டியது அவங்க. கம்பெனி லேப்டாப்பை நீங்க பயன்படுத்துறதுக்கு உங்க சம்பளத்துல பெர்க்விசிட் வரியும் வராது. சம்பளக்காரங்க சொந்தக் காசுல லேப்டாப் வாங்கினா, அந்தச் செலவை சம்பள வருமானத்துல கழிக்க முடியாது. கூச்சப்பட்டு நிறைய பேர் இதைக் கேக்குறதே இல்லை.

மெமரி கார்டுக்கு எங்க வேலை இருக்கு?

கார்டு மேல எனக்கு ஒண்ணும் பகை இல்லை. சில விலை குறைஞ்ச லேப்டாப்புல 32 ஜிபி, 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பைப் போர்டுலயே ஒட்டியிருப்பாங்க. அதை மாத்த முடியாது. விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் இருக்காது. அங்க போட்டோ, வீடியோ, டவுன்லோடு எல்லாத்தையும் ஒரு கார்டுக்கு மாத்தினா சி டிரைவ் மூச்சு விடும். அது நல்ல செலவுதான். அப்பவும் யு3 அல்லது வி30, தெரிஞ்ச பிராண்டு, பில்லோட வாங்குங்க. வேகம் கூடும்னு வாங்காதீங்க, இடம் வேணும்னு வாங்குங்க.

"1 டிபி கார்டு 499 ரூபாய்"ன்னு வந்தா தொடவே தொடாதீங்க. உள்ள சின்ன சிப்பை வெச்சு, வெளிய பெரிய அளவு காட்டுற மாதிரி செட் பண்ணியிருப்பாங்க. காப்பி ஆகும், பேரும் தெரியும், கொஞ்ச நாள் கழிச்சுத் திறந்தா கல்யாண போட்டோ இருக்காது. வாங்கின அன்னிக்கே எச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி ஒரு இலவச மென்பொருளால முழுக்க எழுதிப் பார்த்துடுங்க. எஸ்எஸ்டிக்கும் இதே ஜாக்கிரதை வேணும். உங்க லேப்டாப்புல 2.5 இன்ச் இடமா, எம்.2 ஸ்லாட்டா, அது சாட்டாவா என்விஎம்இயான்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. கழட்டுறதுக்கு முன்னாடி பேக்கப் கட்டாயம்.

மாசக் கடைசி கார்டு

சி.ஏ. ஒருத்தன் ஏன் ரேம் பத்தியும் எஸ்எஸ்டி பத்தியும் இவ்வளவு பேசணும்? ஏன்னா என்கிட்ட வர்ற முதல் சம்பளக்காரங்க பாதிப் பேர் இதே தப்பைத்தான் பணத்துலயும் பண்றாங்க. லேப்டாப்புக்கு மெமரி கார்டு, மாசக் கடைசிக்கு கிரெடிட் கார்டு. 22-ம் தேதி காசு தீர்ந்துடுது. எங்க போச்சுன்னு பார்க்காம கார்டைத் தேய்க்கிறாங்க. அடுத்த மாசம் 18-ம் தேதியே தீர்ந்துடுது. உடனே பர்சனல் லோன். பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து அரை மணி நேரம் உக்காந்தா, அடைப்பு எங்கன்னு தெரிஞ்சுடும். அதுதான் உங்க பணத்துக்கான டாஸ்க் மேனேஜர். அதுவும் இலவசம்தான்.

சித்தி பையன் கதைக்கு வர்றேன். ஒன்பதாவது நாள் டெஸ்ட்டை எந்தத் தடங்கலும் இல்லாம எழுதி முடிச்சான். வேலை கிடைக்கலை. கடைசி ரெண்டு கேள்வி தெரியலையாம். "இந்தத் தடவை லேப்டாப் மேல பழி போட முடியலைண்ணே"ன்னு சொல்லிட்டு அவனே சிரிச்சான். இப்போ தினமும் சாயங்காலம் அதே லேப்டாப்புல உக்காந்து அந்தப் பாடத்தைப் படிச்சுக்கிட்டு இருக்கான். மாசம் 5,000 ஆர்டி போயிட்டு இருக்கு. சித்தப்பாகிட்ட, அவர் வாங்கிக் கொடுத்த லேப்டாப் இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்னு சொல்லியிருக்கான்.

இன்னிக்கு ராத்திரி உங்க லேப்டாப்புல அந்த மூணு கீயை அழுத்திப் பாருங்க. எது 100-ல நிக்குதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அதுக்கப்புறம் பர்ஸைத் திறங்க.